மசக்கை லீவை எந்தக் கணக்கில் எழுதுவது?

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். அந்தக் கடைக்கு மாதாமாதம் சம்பளக் கணக்கும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்கும் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். புடவைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே பன்னிரண்டு கட்டங்களில் பச்சை மையில் "எஸ்.எல்." என்று இருந்தது. அடுத்த ஐந்து கட்டங்களில் சிவப்பு மையில் "எல்.ஓ.பி.", அதாவது சம்பளம் இல்லாத விடுப்பு.

என்ன ஆச்சு என்று மேனேஜரைக் கேட்டேன்.

"மூணு மாசம் முழுகாம இருக்குக்கா. வாந்தி நிக்கல. சிக் லீவு பன்னெண்டும் தீர்ந்துபோச்சு. இதுக்கு மேல எடுத்தா பிரசவ லீவுல கழிச்சுக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்."

நல்ல மனிதர்தான். அந்தப் பெண்ணுக்கு ஏதோ சலுகை செய்துவிட்டது போலத்தான் சொன்னார். ஆனால் அந்த மூன்று வரிக்குள் மூன்று தப்பு இருக்கிறது. அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை என்று நான் கணக்கு பார்க்கும் கடைகள் பலவற்றிலும் இதே கதைதான். மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் கர்ப்பத்தால் உடம்பு முடியாமல் போனால் அந்த நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பத்தாயத்தில் மூன்று அறை

எங்கள் தாத்தா வீட்டுப் பத்தாயத்தில் மூன்று அறைகள் இருந்தன. ஒன்றில் சாப்பாட்டு நெல். ஒன்றில் விதைநெல். மூன்றாவது சின்ன அறை. பாட்டி அதை "நல்லது கெட்டதுக்கு" என்று ஒதுக்கி வைத்திருப்பார். சாப்பாட்டு நெல் குறைகிறதே என்று யாரும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள். கை வைத்தால் அடுத்த குறுவைக்கு நாற்றங்காலுக்கு விதை இருக்காது.

விடுப்புக் கணக்கும் அப்படித்தான், மூன்று அறை.

முதல் அறை சிக் லீவு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுளுக்கு என்று யாருக்கும் வரக்கூடிய உடல்நலக் குறைவுக்கான விடுப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு இதைத் தருகிறது.

இரண்டாவது அறை மகப்பேறு விடுப்பு. பிரசவத்துக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் ஆனது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017-இல் 26 வாரமாக்கினார்கள். ஏற்கனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மட்டும் 12 வாரம்.

மூன்றாவது அறைதான் பலர் கண்ணில் படாதது. கர்ப்பம், பிரசவம், குறைமாதப் பிரசவம், கருச்சிதைவு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை ஆகியவற்றால் உடம்பு முடியாமல் போனால், அதிகபட்சம் ஒரு மாதம் தனியாக விடுப்பு உண்டு. 26 வாரத்துக்கு மேல் கூடுதலாக. அதுவும் மகப்பேறு விடுப்புக்குக் கிடைக்கும் அதே முழுச் சம்பள விகிதத்தில். இந்த ஒரு மாதம் 2017-இல் வந்த புதுச் சலுகை இல்லை. 1961 சட்டத்திலேயே, பத்தாவது பிரிவாக உட்கார்ந்திருந்தது.

அந்தச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு (2020) என்ற ஒரே சட்டத்துக்குள் போய்விட்டன. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறின. 26 வாரமும் இந்த ஒரு மாதமும் அப்படியே இருக்கின்றன.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சாதாரண நோய்க்கு சிக் லீவு, பிரசவத்துக்கு மகப்பேறு விடுப்பு, கர்ப்பத்தால் வந்த நோய்க்குத் தனியாக ஒரு மாதம். ஒன்றில் எடுத்ததை இன்னொன்றில் கழிக்கக் கூடாது.

கர்ப்பம் நோய் இல்லையே, அப்புறம் என்ன?

இந்தக் கேள்வியை மாமியார்களும் கேட்பார்கள், முதலாளிகளும் கேட்பார்கள். "நாங்கள்லாம் நாத்து நடுற அன்னைக்குத்தான் புள்ள பெத்தோம்" என்ற வசனம் டெல்டாவில் இல்லாத வீடு குறைவு.

கர்ப்பம் நோய் இல்லை, சரி. அதற்காக மட்டும் யாரும் சிக் லீவு கேட்பதில்லை. கர்ப்பத்தின் விளைவாக நோய் வரலாம் என்பதுதான் விஷயம். காலையில் கொஞ்சம் குமட்டுவது மசக்கை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வேலைக்கு வந்துவிடலாம். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல், எடை குறைந்து, டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலை வந்தால் அது வேறு. அதை மருத்துவர்கள் ஹைபர்எமெசிஸ் என்கிறார்கள். கர்ப்ப கால ரத்தக்கொதிப்பு, கர்ப்ப கால சர்க்கரை, ரத்தப்போக்கு, கடுமையான ரத்தசோகை, பிரசவத்துக்குப் பிறகு தையலில் சீழ் பிடிப்பது, குழந்தை பிறந்த பின் வரும் மனச்சோர்வு எல்லாம் இந்த வகைதான்.

ஆனால் கர்ப்பிணிக்கு வரும் எல்லா நோயும் கர்ப்பத்தால் வருவது இல்லை. ஐந்து மாதக் கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் அது கொசுவால் வந்தது. அதற்கு முதல் அறையைத்தான் திறக்க வேண்டும். இந்தக் கோட்டைப் போட வேண்டியவர் மருத்துவர். மேனேஜரும் நானும் இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, வேலை பார்க்கும் இடம் இஎஸ்ஐ-யில் பதிவாகியிருந்தால் பணம் இஎஸ்ஐ கொடுக்கும். சம்பளம் அதற்கு மேலே இருந்தாலோ, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்தும் இஎஸ்ஐ-க்குள் வராத இடமாக இருந்தாலோ, முதலாளி கொடுக்க வேண்டும். ஒன்று அது, இல்லாவிட்டால் இது. இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

இஎஸ்ஐ என்பது ஒரு பொதுச் சீட்டு மாதிரி என்று நான் விளக்குவது வழக்கம். எல்லாரும் மாதாமாதம் கட்டுகிறோம், கஷ்டம் வந்தவர் எடுக்கிறார். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். நம்ம ஜவுளிக்கடைப் பெண்ணின் சம்பளம் 12,000 ரூபாய். மாதம் 90 ரூபாய் அவள் பங்கு, 390 ரூபாய் கடையின் பங்கு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அவளுடைய ஒரு நாள் சராசரிச் சம்பளம் 400 ரூபாய். வராத நாள் 17.

கடையில் நடந்தது: 12 நாளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஐந்து நாளுக்கு இல்லை. 2,000 ரூபாய் போச்சு. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த வருடத்து சிக் லீவு முழுக்கக் காலி. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து படுத்தால் ஒரு நாள்கூட மிச்சம் இல்லை.

அவள் இஎஸ்ஐ-யில் சாதாரண நோய்க்கான பணம் கேட்டிருந்தால், அது சம்பளத்தில் 70 சதவீதம், அதாவது நாளுக்கு 280. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. மிச்சம் 15 நாளுக்கு 4,200 ரூபாய்.

கர்ப்பத்தால் வந்த நோய் என்று கேட்டிருந்தால் சம்பளத்தில் நூறு சதவீதம். 17 நாளுக்கு 6,800 ரூபாய். சிக் லீவில் ஒரு நாளும் குறையாது, பிரசவ விடுப்பிலும் குறையாது.

அதே உடம்பு, அதே வாந்தி, அதே 17 நாள். எந்த அறையைத் திறந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். ஒரே நாளுக்குக் கடையில் விடுப்புச் சம்பளமும் வாங்கி, இஎஸ்ஐ பணமும் வாங்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் சிக்கல் வரும்.

தகுதி என்ன என்று கேட்பார்கள். இஎஸ்ஐ-யில் மகப்பேறு பணத்துக்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது சந்தாவைக் கணக்கிடும் ஆறு மாதம்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. முதலாளி கொடுக்கும் வழியில், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடலாமா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. கோயம்புத்தூர் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு வாரத்துக்கு ஆறு நாள் கணக்கில் மகப்பேறு பணம் கொடுத்தார்கள். 1977-இல் உச்ச நீதிமன்றம், வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டது. நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் தொடங்கிய வழக்கு நாடு முழுக்க எல்லாப் பெண்களுக்கும் வாரத்துக்கு ஒரு நாள் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

சீட்டில் எழுதிய ஒரு வார்த்தை

சரி, அந்தப் பெண்ணுக்குப் பழைய 17 நாளையும் மாற்றிக் கொடுத்துவிடலாமே என்று நானும் நினைத்தேன். அவள் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வாங்கியது. மடிப்பில் மை கலைந்திருந்தது. "கேஸ்ட்ரைட்டிஸ், ஓய்வு தேவை" என்று இருந்தது. இரைப்பை அழற்சி என்று அர்த்தம்.

"முழுகாம இருக்கேன்னு டாக்டர்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன்க்கா. லீவுக்குத்தானே, ஏதோ ஒண்ணு எழுதினா போதும்னு நான்தான் சொல்லிட்டேன். கடையில எல்லாரும் படிப்பாங்கல்ல."

அவ்வளவுதான். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மூன்றாவது அறையைத் திறக்க முடியாது. நோய்க்கும் கர்ப்பத்துக்கும் உள்ள தொடர்பு சான்றிதழில் எழுத்தில் இருக்க வேண்டும். "கர்ப்பத்தின் காரணமாக ஏற்பட்ட கடும் வாந்தி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலைக்குத் தகுதியில்லை" என்கிற மாதிரி ஒரு வரி. இஎஸ்ஐ-யில் இருப்பவர்கள் இஎஸ்ஐ மருந்தகத்து மருத்துவரிடமே போய் வாங்குவது நல்லது; பணம் கேட்கும்போது செல்லுபடியாவது அந்தச் சான்றிதழ்தான். தனியார் மருத்துவரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வெளியே சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் மசக்கை அதிகமாகப் படுத்துவதும் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தில்தான். எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, சான்றிதழில் மட்டும் மறைக்காதீர்கள்.

பிரசவ விடுப்பில் கழிக்கலாமா?

மேனேஜர் சொன்ன மூன்றாவது விஷயம் இது. கழிக்க முடியாது. 26 வாரத்தில் பிரசவத் தேதிக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். மூன்றாவது மாதத்து வாந்திக்கும் அந்த 26 வாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே கழித்தால் குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு இருக்க வேண்டிய நாட்கள் குறையும். விதைநெல்லை எடுத்து உலையில் போடுவது போலத்தான்.

எட்டாம் மாதத்தில் ரத்தக்கொதிப்பு என்று படுக்கையில் இருக்கச் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்போது மகப்பேறு விடுப்பையே தொடங்கிவிடலாம், அல்லது நோய்க்கான ஒரு மாதத்தை முதலில் எடுக்கலாம். சான்றிதழ் சரியாக இருந்தால் முதலில் ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு, 26 வாரத்தைக் குழந்தைக்காக மிச்சம் வைப்பதுதான் லாபம் என்பது என் கருத்து. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு சிக்கல் வந்தால் அந்த ஒரு மாதம் கையில் இருக்காது. அதையும் எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவு எடுக்காமலே உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. பிரசவத் தேதிக்குச் சுமார் பத்து வாரம் இருக்கும்போதிலிருந்து, நீண்ட நேரம் நின்று செய்யும் வேலையும் கடினமான வேலையும் வேண்டாம் என்று கர்ப்பிணி கேட்கலாம். கேட்டால் அந்த வேலைகளைக் கொடுக்கக் கூடாது. சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. காலையில் கடை திறந்ததிலிருந்து புடவை மடித்துக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு இதைவிட முக்கியமான வரி இல்லை. உட்கார இருக்கை வேண்டும் என்பதோ கர்ப்பிணிக்கு மட்டும் உள்ள உரிமை இல்லை. 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் எல்லாருக்கும் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். நான் போகும் கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. அதன் மேல் பெரும்பாலும் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

இதுவரை இரண்டாவது முறையாகச் சுருக்கிச் சொன்னால்: சான்றிதழில் கர்ப்பத்தோடு உள்ள தொடர்பு எழுதியிருக்க வேண்டும், பணம் முழுச் சம்பள விகிதத்தில் வரும், 26 வாரத்தை யாரும் தொடக் கூடாது.

கரு தங்காமல் போனால்

இதைப் பற்றித்தான் ஆட்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கேட்கிறவர்களே குறைவு. பலர் "காய்ச்சல்" என்று எழுதிக் கொடுத்து நாலு நாளில் திரும்பி வந்துவிடுகிறார்கள். முகம் வெளிறி, மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாமும் காய்ச்சல் என்றே நம்பிக்கொண்டிருப்போம்.

கருச்சிதைவுக்கும், சட்டப்படி செய்த கருக்கலைப்புக்கும் அன்றைக்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம், முழுச் சம்பள விகிதத்தில் விடுப்பு உண்டு. இது சிக் லீவு இல்லை. இன்னும் சொல்லப்போனால், அந்த ஆறு வாரத்தில் தெரிந்தே அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று முதலாளிக்குத் தடையே இருக்கிறது. ஆறு வாரத்துக்குப் பிறகும் ரத்தப்போக்கோ தொற்றோ இருந்து உடம்பு தேறவில்லை என்றால், மூன்றாவது அறையின் ஒரு மாதம் அதற்கும் திறக்கும்.

இதற்கும் மருத்துவச் சான்று வேண்டும். அந்த நேரத்தில் காகிதம் சேகரிக்க யாருக்கு மனசு வரும்? கூடப் போகிற அம்மாவோ, புருஷனோ, அக்காவோ டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தால் போதும்.

ஒரு மாதம் போதாவிட்டால்?

சில பேருக்கு ஏழாம் மாதம் வரைகூட வாந்தி நிற்பதில்லை. சட்டம் கொடுப்பது ஒரு மாதம்தான். அதற்கு மேல் போனால் முதல் அறைக்குத்தான் திரும்பி வர வேண்டும்: கடையின் சிக் லீவு, சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பு, இஎஸ்ஐ-யில் 70 சதவீதப் பணம். இந்த 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்குத் தகுதி ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா. அதனால்தான் முதல் அறையை ஆரம்பத்திலேயே காலி செய்ய வேண்டாம் என்று இவ்வளவு சொல்கிறேன். வரிசை முக்கியம்.

அடிக்கடி லீவு போட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. மகப்பேறு சட்டப்படி விடுப்பில் இருக்கும்போது நிறுத்துவதும், நோட்டீஸ் கொடுப்பதும், அவளுக்குப் பாதகமாக வேலை நிபந்தனையை மாற்றுவதும் குற்றம். இஎஸ்ஐ சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், கர்ப்பத்தால் வந்த நோய் என்று சான்றிதழ் இருந்து வராமல் இருக்கும் நாட்களிலும் நிறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்று தனியாகவே சொல்லியிருந்தது. மீறினால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தினக்கூலிக்கு இதெல்லாம் கிடையாது என்று சொன்னால் நம்ப வேண்டாம். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் போட்ட வழக்கில் 2000-இலேயே உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் மகப்பேறு பலன் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இன்னொன்று. வேலைக்குச் சேரும்போதே இந்த உரிமைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017 திருத்தம் முதலாளிக்குச் சொன்னது. அப்படி ஒரு காகிதத்தை நான் இதுவரை இரண்டு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று நானே அடித்துக் கொடுத்தது.

காரைக்காலும் அரசு வேலையும்

காரைக்கால் டெல்டாவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் புதுச்சேரி நிர்வாகம். தமிழ்நாட்டுக் கடைச் சட்டத்தின் 12 நாள் சிக் லீவு அங்கே செல்லாது, அங்கே அவர்கள் சட்டம். 26 வாரமும் ஒரு மாதமும் மத்திய சட்டம் என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்குத் தனி விதி. 2021 ஜூலை முதல் அவர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம்.

நடவு வயலில்

மேலே சொன்ன மூன்று அறையில் ஒன்றுகூட நடவு நடும் பெண்ணுக்கு இல்லை. குழுவாகச் சேர்ந்து இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல் என்று போகிறவர்களுக்கு முதலாளி என்று யாரைக் காட்டுவது? வந்த நாளுக்குக் கூலி, வராத நாளுக்கு இல்லை.

அவர்களுக்குக் கிடைப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 14,000 ரூபாய் பணம், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம், ஆக மொத்தம் 18,000. கிராம செவிலியரிடம் கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிந்து பிக்மி எண் என்ற பதிவு எண்ணை வாங்கினால்தான் தவணை ஒழுங்காக வரும். நல்ல திட்டம். ஆனால் அது விடுப்பு இல்லை, கூலிக்கு ஈடும் இல்லை. நடவு நேரத்தில் பத்து நாள் வாந்தியில் படுத்தால் அந்தப் பத்து நாள் கூலி போனது போனதுதான்.

ஒரத்தநாடு பக்கம் ஒரு நடவுக் குழுவில் மாசமாக இருந்த பெண்ணை வரப்போரமாக நிற்க வைத்திருந்ததைப் பார்த்தேன். களைத்தால் சட்டென்று கரையேறி உட்காரலாம் என்பதற்காக. அவள் உட்கார்ந்த நேரத்தில் அவள் பங்கு நாற்றைப் பக்கத்தில் நின்ற பெரியம்மா சேர்த்து நட்டுக்கொண்டே போனார். சாயங்காலம் கூலியை எல்லாருக்கும் சமமாகத்தான் பிரித்தார்கள்.

ஜவுளிக்கடைப் பெண்ணின் பழைய 17 நாள் அப்படியே நின்றுவிட்டது. கேஸ்ட்ரைட்டிஸ் சீட்டை வைத்து எதுவும் செய்ய முடியவில்லை. அடுத்த மாதம் திரும்பவும் டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தபோது இஎஸ்ஐ மருந்தகத்தில் சரியான சான்றிதழ் வாங்கினாள். 19 நாள், 7,600 ரூபாய், வங்கிக் கணக்கில் ஏறியது. பதிவேட்டில் அந்தப் பத்தொன்பது கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று மேனேஜர் போனில் கேட்டார். பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், கர்ப்பத்தால் வந்த நோய் என்பதற்கு நீல மையில் "க.நோ." என்று எழுதுங்கள் என்றேன்.